சமாளிப்பம் என்ற சொல்

அப்பன்,

தமிழில் எழுதுகிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன வருஷங்களில் நீ காரின் பின்சீற்றில் இருந்து வடித்த கண்ணீருக்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறக்க முதலே நீ "எல்லாம் ஓகே அம்மா" என்று விடுவாய். நானும் "சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இப்படியே ஒரு வருஷம் போய்விட்டது. கடிதத்தில் நீ நடுவில் பூந்து ஓகே சொல்ல முடியாது. வியாழக்கிழமைக்கு முதல் உன்னிடம் வந்து சேரவேண்டும் என்பதற்காக, எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன். பெருப்பித்து வாசி. அப்பாவுக்குப் போன் அடித்து அர்த்தம் கேட்காதே, நீயே வாசி.

போன சனிக்கிழமை நீ மேகனையும் கூட்டிக்கொண்டு ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தாய். உன் கீழ் வேலை செய்கிற கோப்ரல், லீவில் நியூஃபவுண்லாந்துக்குப் போகிறாள், இரவு எயார்போர்ட்டில் விடவேண்டும், அதுவரைக்கும் இங்கே இருக்கட்டும் என்றாய். சரி என்று நான் கணவாய்க் கறியும் புட்டும் வைத்தேன். கறிக்கு உப்புக் கூடிவிட்டது. எனக்கே தெரியும், அப்பா தண்ணீர் குடித்த விதத்திலும் தெரிந்தது. நீ ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாய். "எப்பிடியடா?" என்று கேட்டேன். "நல்லாயிருக்கு" என்றாய். பிறகு போய் சோபாவில் படுத்தாய், சப்பாத்துகூடக் கழற்றவில்லை. அந்த உப்புக் கறியைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்று சொல்கிறேன்.

நீ முன்னர் இப்படியில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷங்களில் கதவைத் திறக்கும்போதே புறுபுறுத்துக்கொண்டுதான் வருவாய். சப்பாத்து அளவில்லை. படுக்கிற பரக்ஸில் ஹீற்றிங் இல்லை. ட்றக்குக்குச் சாமான் வரவில்லை, அதனால் ஓடுகிற ட்றக்கில் இருந்து கழற்றி ஓடாத ட்றக்குக்குப் பூட்டுகிறார்கள், இப்போது இரண்டும் ஓடாது. படிப்பிக்க ஆளில்லை என்று கோர்ஸ் நின்றுவிட்டது, கோர்ஸ் முடிக்காததால் உனக்கு உயர்வு இல்லை. நீ கையையும் காலையும் ஆட்டிச் சொல்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். நானும் ஸ்காபரோவில் நேர்சிங் ஹோம் ஷிஃப்ட் முடித்து வந்து காலை நீட்டியபடி என் பங்குக்குத் தொடங்குவேன். இன்றைக்கும் ஷோர்ட், ஆள் காணாது, நாலு பேர் வேலையை மூன்று பேர் செய்தோம், நோயாளிகளைத் தூக்குகிற மெஷினுக்குச் சார்ஜ் இல்லை, சுப்பவைசர் மீற்றிங்கில் இருந்தா. உன் ஷோர்ட் பெரிசா என் ஷோர்ட் பெரிசா என்று தேத்தண்ணி ஆறும்வரை போட்டி நடக்கும். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "ரெண்டுபேரும் சேர்ந்து ஒரு யூனியன் வையுங்கோவன், நான் காவலுக்கு நிக்கிறன்" என்பார். களைப்பு என்னவோ களைப்புத்தான், ஆனால் அந்த மேசையில் அது கொஞ்சம் இறங்கியது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன், நீ கதைத்தது முழுக்க வேலையைப் பற்றித்தான், அந்த வேலையின் பெயரை மட்டும் நாங்கள் மூன்று பேரும் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் சொல்ல முடியாது என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நீயாக விளங்கிக்கொண்டாய். நீ பிறந்தது இங்கே. உனக்கு ஆமி என்றால் வெள்ளப்பெருக்கில் மண்மூட்டை அடுக்குகிறவர்கள், காட்டுத்தீயில் சனங்களை ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள். எங்களுக்கு ஆமி என்றால் லைற்றை நூர்த்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போகிற ஒரு சத்தம். யூனிவர்சிற்றியை முடித்துவிட்டு வந்து நீ அதில் சேர்ந்துவிட்ட செய்தியைச் சொன்ன அன்று அப்பா கராஜுக்குள் போய், ஏற்கெனவே துப்பரவாக இருந்த கராஜை ஒரு பின்னேரம் முழுக்கக் கூட்டினார். நான் சனங்களுக்கு "மகனுக்கு அரசாங்க வேலை" என்று சொன்னேன். பொய்யில்லைத்தானே. அதனால்தான் றிச்மண்ட் ஹில் கோவிலில் வைத்து உன் பெரியம்மா தன்ரை பாஸ்போட் அலுவலை ஒருக்கால் பார்க்கச் சொல்லி உன் கையில் காகிதங்களைத் திணித்தா. நீயும் முகத்தை மாற்றாமல் வாங்கிக்கொண்டு போய், லைனில் நின்று, அதைச் செய்துகொடுத்தாய். காரில் வரும்போது சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது உனக்கு. எனக்குச் சிரிக்க முடியவில்லை. பிள்ளை செய்கிற வேலைக்கு வாய்விட்டு ஒரு பெயர் சொல்ல முடியாத தாயாகிவிட்டேனே என்று இருந்தது.

பிறகு நீ சார்ஜன்ற் ஆனாய். எட்டுப் பேர் கொண்ட ஒரு செக்ஷன் உன் பொறுப்பு என்றாய். அதோடு புறுபுறுப்பு நின்றுவிட்டது. முதலில் நான் கவனிக்கவில்லை, கவனித்தபோது சந்தோஷப்பட்டேன். "பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது, இப்ப வாயே திறக்கிறேல்லை" என்று பக்கத்து வீட்டு அன்ரியிடம் பெருமையாகச் சொன்னேன். வாயே திறக்கிறேல்லை என்பது பெருமைப்படுகிற விஷயமா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை நீ நித்திரையாக இருக்கும்போது மேகன் குசினிக்கு வந்து, கேட்காமலே துவாயை எடுத்துக் கோப்பை துடைக்கத் தொடங்கினாள். நல்ல பிள்ளை. என் இங்கிலிஷும் அவளின் இங்கிலிஷும் வேறு வேறு ஊர், ஆனால் விளங்கிக்கொண்டோம். அவள் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். தாய்மார் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன், என் மகன் அங்கே எப்படி என்று. "எங்களுக்குக் கிடைத்த சார்ஜன்ற்மாரில் அவர்தான் சிறந்தவர்" என்றாள். பிறகு, "அன்ரி, சமாலிப்பம் என்றால் என்ன?" என்று கேட்டாள்.

கையில் இருந்த தாச்சிச் சட்டியைக் கீழே வைத்தேன். எங்கே கேட்டாய் என்றேன். "அது எங்கள் செக்ஷனின் சொல். என்ன வேலை வந்தாலும் சார்ஜன்ற் அதைத்தான் சொல்லுவார். வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். ட்றக்கில் ஏறும்போது எல்லோரும் சேர்ந்து கத்துவோம்" என்று கையை உயர்த்திக் காட்டினாள். நான் யோசித்து யோசித்து, 'வீ வில் மனேஜ்' என்று சொன்னேன். "அவ்வளவுதானா? நாங்கள் இத்தனை நாளும் அது ஏதோ உங்களுடைய பழைய போர்க் கூச்சல் என்று நினைத்தோம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அது என்னுடைய சொல், அப்பன். சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை அப்பார்ட்மென்றில் இரண்டு குடும்பமாக இருந்த காலத்திலிருந்து நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் சமாளிப்பம். அப்பாவுக்கு வேலை போனால் சமாளிப்பம். விடியக்காலையில் சுப்பவைசர் போன் எடுத்து ஆள் இல்லை, வர முடியுமா என்றால், உன்னை நித்திரையோடு தூக்கி மாமி வீட்டில் விட்டுவிட்டு, சமாளிப்பம். நீ அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். வேறெந்தத் தமிழ்ச் சொல்லையும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரியாத என் பிள்ளை, இந்த ஒன்றை மட்டும் கொண்டுபோய் ஆமியில் படிப்பித்திருக்கிறாய்.

மேகன் அதற்குப் பிறகு மற்றதையும் சொன்னாள். உன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று அவளோடு கோபிக்காதே. எட்டுப் பேர் இருக்கவேண்டிய இடத்தில் இப்போது ஐந்து பேர் என்றாள். ஒருவன் விட்டுப் போய்விட்டான், ஒருவனுக்கு முதுகு போய்விட்டது, ஒருவனை வேறு எங்கோ இரவல் கொடுத்திருக்கிறார்கள். போனவர்களின் வேலையைப் பங்குபோடாமல் நீயே செய்கிறாயாம். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வார விடுமுறைக் காவலுக்கும் நீயே நிற்கிறாயாம். அவள் போகிற லீவுகூட உன்னுடையது என்றாள். அப்பாவுக்குக் கண் ஒப்பரேஷன் நடந்தபோது லீவு கிடைக்கவில்லை என்றாயே, கிடைத்தது, அதையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாய். நான் அதற்குக் கோபிக்கவில்லை. அடுத்ததற்குத்தான் கோபம். போன மாதம் உன் செக்ஷனில் சின்னப் பெடியன் ஒருவன் ட்றக் ஓட்டிக்கொண்டு வரும்போது ஸ்ரியரிங்கிலேயே நித்திரையாகிப் பள்ளத்தில் விட்டிருக்கிறான். பனி நிறைந்திருந்ததால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து ட்றக்கையும் நீதான் ஓட்டுகிறாய். அந்தப் பெடியனைவிட நீ கூடுதலாக நித்திரைகொண்டாயா?

"நீங்கள் அவனிட்டைச் சொல்லக்கூடாதோ?" என்று கேட்டேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "எங்கள் எல்லோருக்கும் புறுபுறுக்க ஆசைதான். முன்னர் நாள் முழுக்கப் புறுபுறுப்போம், அதுதான் எங்களுக்கு ரேடியோ. இப்போது சார்ஜன்ற் இரண்டு மடங்கு வேலை செய்துகொண்டு ஒரு சொல் சொல்லாமல் நிற்கிறார். அவருக்கு முன்னால் சொக்ஸ் ஈரம் என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். புறுபுறுக்கிறவனைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை, அவன் இருப்பான். சத்தமில்லாமல் போனவன்தான் ஒருநாள் பையைக் கட்டிக்கொண்டு போவான். இல்லாவிட்டால் ட்றக்கைப் பள்ளத்தில் விடுவான்." இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். உங்களுக்கு மேலே இருக்கிற பெரிய அதிகாரி, கேர்ணல், வருகிறாராம். இருக்கிற ஆட்களோடு வடக்கே பனிக்காலப் பயிற்சிக்குப் போக முடியுமா என்று ஒவ்வொரு சார்ஜன்றையும் நேரில் கேட்பாராம். நீ என்ன சொல்வாய் என்று செக்ஷன் முழுவதுக்கும் தெரியுமாம். எனக்கும் தெரியும்.

நீங்கள் எயார்போர்ட்டுக்கு வெளிக்கிட்ட பிறகு அப்பாவிடம் சொன்னேன். நீ அந்த வேலைக்குப் போனதிலிருந்து அதைப் பற்றி அவர் ஒன்றும் கதைத்ததில்லை என்று உனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருந்தார். ரீவியை நிற்பாட்டினார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் பெடியனா இருக்கேக்கை ஊரிலை ஆமிச் சென்றியைத் தாண்டித்தான் ஒவ்வொருநாளும் வேலைக்குப் போறது. ஆருக்குப் பயந்தனாங்கள் தெரியுமோ? பெரிசாக் கத்துறவனுக்கு இல்லை. அவன் கத்துவான், அடையாள அட்டையைப் பாப்பான், போ எண்டு விடுவான். கண் சிவந்து, மூண்டு பேர் நிக்கவேண்டிய இடத்திலை தனிய நிண்டு, ஒண்டும் கதையாமல் பாக்கிறான் பார், அவனைக் கண்டாத்தான் எங்களுக்குச் சீவன் போகும். அவனுக்கு எங்களிலை கோவம் இல்லை. அவனுக்குக் களைப்பு. களைச்சவன்ர விரல் துவக்கிலை எங்கை இருக்கெண்டு பாத்துப் பாத்துத்தான் சைக்கிளாலை இறங்கினனாங்கள்."

கடைசியாக, "இவன் நல்ல பெடியன். எண்டாலும் ஒருத்தற்றை பிள்ளை இவனைப் பாத்துப் பயப்பிடுற மாதிரி இவனை நிக்க விடக்கூடாது. சொல்லு அவனுக்கு" என்றார். நீங்களே சொல்லுங்கோவன் என்றேன். "எனக்கு ஏலாது, நீ சொல்லு" என்று எழும்பிப் போய்விட்டார். ஆமிக்காரனின் களைப்பைப் பற்றி இந்த வீட்டில் உனக்குப் புத்தி சொல்லத் தகுதியானவர் அவர்தான் என்று நீயும் நானும் ஒருநாளும் நினைத்ததில்லை.

இனி நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குத் துவக்குத் தெரியாது, ஷோர்ட் தெரியும். ஒரு பனிப்புயல் நாளில் நேர்சிங் ஹோமில் எங்கள் தளத்துக்கு இரண்டு பேர்தான் வந்து சேர்ந்தோம், நானும் ஒரு பிலிப்பீனோ அக்காவும். நாலு பேரின் வேலை. ஓடி ஓடிச் செய்தோம். சுப்பவைசர் டோனற் பெட்டியோடு வந்து, நீங்கள் இரண்டு பேரும் தேவதைகள் என்றா. நாங்களும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தோம். அன்று ஒரு கிழவர் நனைந்த உடுப்போடு மத்தியானம்வரை இருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூப்பிடாமல் விட்டார். நான் அவரின் கதவைக் கடந்து எத்தனை தரம் ஓடியிருப்பேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. சில மாதத்தால் எங்களில் ஒருவர் பென்ஷன் எடுத்துப் போனபோது அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. கேட்டதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? அன்றைக்கு இரண்டு பேர் சமாளித்தீர்களே, மூன்று பேருக்கு என்ன கஷ்டம் என்றார்கள். நாலு என்பது அன்றோடு மூன்றாகிவிட்டது. நாங்கள் கெட்டிக்காரிகளாக இருந்ததால் வந்த வினை அது.

ஓட்டையை நீ உன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றால், மேலே இருந்து பார்க்கிறவனுக்கு அங்கே ஓட்டை இருப்பதே தெரியாது. கேர்ணல் கெட்ட மனிசனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் கேட்கிறார், நீ ஓம் என்கிறாய், அவர் தனக்கு மேலே இருப்பவருக்கு ஓம் என்கிறார். கடைசியில் ஒட்டாவாவில் இருக்கிற யாரோ ஒருவர் எல்லாம் ஓம் என்று நினைத்துக்கொண்டு நித்திரைக்குப் போகிறார். நித்திரையில்லாமல் இருப்பது நீயும் அந்தச் சின்னப் பெடியனும்தான். முறைப்பாடு சொல்கிறவன் பலவீனமானவன் என்று நீ நினைக்கிறாய். அது என்னைப் பார்த்து வந்த நினைப்பு. அகதியாக வந்த எங்களுக்கு ஒரு பயம் இருந்தது, வாயைத் திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். உன்னை யாரும் எங்கேயும் திருப்பி அனுப்ப முடியாது. இது உன் ஊர், உன் ஆமி. அதில் நின்று குறை சொல்ல உனக்கு உரித்து இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் அதுதான் என் ஆசை, இன்னும் அதுதான். ஆனால் உன்னைச் சார்ஜன்ற் என்று மேகன் சொல்லும்போது அவளின் முகத்தைப் பார்த்தேன். உன்னை அவர்களிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒன்றுதான் கேட்கிறேன். வியாழக்கிழமை அவர் கேட்கும்போது, ஆள் காணாது என்று சொல். ஐந்து பேரோடு போனால் யாராவது சாவார்கள் என்று சொல். ட்றக் பள்ளத்தில் போனது பனியில் வழுக்கியதால் அல்ல, நித்திரையால் என்று சொல். மூன்று பேரைத் தந்தால் போகிறேன், தராவிட்டால் ஏலாது என்று சொல். அவர் உன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாது. உன் உயர்வு தள்ளிப்போகலாம். போகட்டும்.

எழுதுவது சுலபம், எனக்கும் தெரியும். இன்றைக்கு எனக்கு ஓய்வுநாள். விடியக்காலையில் சுப்பவைசர் போன் எடுத்தா. ஷோர்ட், வர முடியுமா என்று கேட்டா. இத்தனை வருஷத்தில் முதல் தரம், ஏலாது என்று சொன்னேன். காய்ச்சல் என்றோ கலியாணவீடு என்றோ ஒரு சாட்டும் சொல்லவில்லை. அவ நான் சொன்னதை நம்பாமல் திரும்பவும் கேட்டா. திரும்பவும் சொன்னேன். "அப்ப நான் யாரைக் கூப்பிடுவது?" என்றா. பாவம், அவவுக்கும் களைத்த குரல். "அதை உங்களுக்கு மேலே இருக்கிறவர்களிடம் கேளுங்கோ, நான் சொன்னதாகச் சொல்லுங்கோ" என்றேன். போனை வைத்த பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று நினைக்காதே. அங்கே ஒரு கிழவி இருக்கிறா, என்னைத் தவிர வேறு யார் கை வைத்தாலும் சீப்பால் தலை இழுக்க விடமாட்டா. இன்றைக்கு அவவின் தலை இழுபடாது. அதை நினைத்து நினைத்துக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுங்கிய கையால்தான் இதை எழுதத் தொடங்கினேன், முதல் பக்கத்து எழுத்தைப் பார்த்தால் தெரியும். உனக்கும் நடுங்கும். பரவாயில்லை, நடுங்கிக்கொண்டே சொல்.

அம்மா